கற்பனை ஆலை

ஈரி, பென்சில்வேனியா
ஜனவரி 28

அன்புள்ள கெரிட்,

நீயும் லோயிஸும் நலம்தானே. எனக்கு முதுகுவலி, சளி, எங்கள் கல்லூரி டீன் ஆகிய மூன்று உபத்திரவங்கள். மற்றபடி குறையில்லை. ஏரிப் பக்கமிருந்து வந்த பனி மூன்று நாளாகக் கொட்டுகிறது. காலையில் மண்வாரியோடு மல்லுக்கட்டி, மாலையில் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறேன்.

போன வாரம் போன் செய்தபோது பாவம் லோயிஸ், நான் சொல்வதை உன் காதில் கத்திக் கத்தியே தொண்டை கட்டியிருப்பாள். செர்ரி ஆலைக் கம்ப்ரசர்களின் இரைச்சலில் இத்தனை வருஷம் நின்ற காதுக்குக் கடிதம்தான் சரி. ஒரு காரியம் கேட்கவும் வேண்டியிருக்கிறது.

என் வேலை என்னவென்று நீ இன்றுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. நிறுவனங்களுக்கு என்ன ஆபத்து வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்கிற ஆட்களைத் தயாரிக்கிறேன். இந்தத் தடவை பதினொரு பேர். எதைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரிடம் கொடுத்து எழுதி வாங்கிவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது. எல்லாம் ஒரே வழவழப்பு, ஒருவருக்கும் சொந்தமாக ஒரு சந்தேகம்கூடக் கிடையாது.

அதனால் ஒரு யோசனை. இரண்டு வருஷமாக நீ எழுதிய கடிதங்கள் என்னிடம் இருபத்திரண்டு இருக்கின்றன. ஆலையைப் பற்றித்தான் பாதிக்கு மேல். பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு நகல் எடுத்து வகுப்பில் கொடுக்கட்டுமா? இந்த ஆலை மூடிப்போய்விட்டது என்று பிள்ளைகள் முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கடிதங்களைப் படித்து, அது எதனால் மூடியது என்று எழுத வேண்டும். முன்கூட்டிய பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். உன் கிறுக்கலை எந்த இயந்திரமும் படிக்காது. கண்ணால்தான் படித்தாக வேண்டும்.

உன் உடம்பு எப்படி என்று தனியாக எழுது. எப்போதும் லோயிஸைப் பற்றியே எழுதுகிறாய்.

தங்கை
டீனா


மேப்பிள் ஃபோர்க், மிச்சிகன்
பிப்ரவரி 11

அன்புள்ள டீனா,

உன் முதுகுக்குச் சூடான தண்ணீர்ப் பை வைத்துக்கொள். டீனுக்கு என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதங்களைத் தாராளமாகக் கொடு. முப்பது வருஷமாக உறைந்த செர்ரிப் பழத்துக்குக் காவல் இருக்கிற ஒருவனின் கடிதத்தைப் படிக்க அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கல்லூரிக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆர்லினிடம் சொன்னேன். என்னோடு இயந்திர அறையில் இருக்கிறாளே, அவள்தான். "அப்போ உனக்கு ராயல்டி வருமா கெரிட்?" என்றாள்.

முப்பது என்று எழுதிவிட்டேன், இன்னும் ஆகவில்லை. அடுத்த வருஷம் மார்ச் முதல் தேதிதான் முப்பது. அன்றைக்கு நான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் எனக்கும், மனைவி என்ற முறையில் லோயிஸுக்கும், கடைசிவரை ஆலையே மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டும். ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது. லோயிஸின் மூட்டுக்கு மாதாமாதம் போடும் ஊசியின் விலை உனக்குத் தெரியும். அதனால் உன் பிள்ளைகளிடம் சொல், ஆலையை ஒரு வருஷம் கழித்துச் சாகடிக்கச் சொல்.

குளிர்காலம் நீளமாக இருக்கிறது. ஆற்று மீனுக்குத் தூண்டில் முள்ளில் இறகால் பொய்ப்பூச்சி கட்டுவேனே, இந்த வருஷம் கட்டவில்லை. கடையில் வாங்கிவிட்டேன். கடைப் பூச்சியும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது கம்ப்ரசருக்கு ஆர்லின் கசிவு தடுக்கும் புது பேக்கிங் போட்டாள்.

லோயிஸ் சுகம். கோழிகளும் சுகம்.

கெரிட்


ஈரி
மார்ச் 3

அன்புள்ள கெரிட்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ பதில் எழுதுவதில்லை. ஆகவே நேராகக் கேட்கிறேன், உன் உடம்பு எப்படி? சளி போய்விட்டது எனக்கு. டீன் போகவில்லை. பதினொரு பேருக்காக ஒரு துறை எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

உன் ஆலையைப் பிள்ளைகள் விதவிதமாகக் கொன்றுவிட்டார்கள். ஐந்து பேர் ஏப்ரல் பனியில் பூவைக் கருக வைத்தார்கள். மூன்று பேர் துருக்கியிலிருந்து மலிவுச் செர்ரியை இறக்கினார்கள். ஒருவன் கம்ப்ரசர் பழசு என்று கண்டுபிடித்தான். அந்தத் தகவலை நீயே ஒன்பது கடிதங்களில் எழுதியிருக்கிறாய். ஒரு பையன், எழுதுபவர் கோழிகளைப் பற்றி அளவுக்கு மீறி எழுதுகிறார், எனவே பறவைக் காய்ச்சல் என்று முடித்திருந்தான். உனக்குக் காட்டவேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

குவார்ல்ஸ் என்று ஒருத்தி மட்டும் எல்லை மீறிப் போய்விட்டாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். ஆதாரம் போதாது, முடிவு மிகை என்று சிவப்பில் எழுதி பி மைனஸ் போட்டேன்.

வேறு ஒன்றுமில்லை. கண்ணாடியை மாற்றினாயா? உன் எழுத்து வரவரச் சின்னதாகிறது.

லோயிஸிடம் என் அன்பைச் சொல்.

டீனா


மேப்பிள் ஃபோர்க்
மார்ச் 19

அன்புள்ள டீனா,

சளி போனதில் சந்தோஷம். பறவைக் காய்ச்சலை லோயிஸுக்குப் படித்துக் காட்டினேன், தேவாலயத்தில் நினைத்து நினைத்துச் சிரித்தாள். மிட்டாய் தொண்டையில் சிக்கிவிட்டது.

கண்ணாடி பழசுதான். பேனாவும் சரியில்லை. மழை நாளில் மை இறங்குவதில்லை.

அந்தப் பெண் என்ன எழுதினாள்? மற்ற பத்துப் பேர் எழுதியதை எல்லாம் எழுதிவிட்டு அவள் எழுதியதை மட்டும் எழுதவில்லை நீ.

மரங்களில் மொட்டு தெரிகிறது. அடுத்த மார்ச்சுக்குப் பதினொன்றரை மாதம். லோயிஸ் சுகம்.

கெரிட்


ஈரி
ஏப்ரல் 6

அன்புள்ள கெரிட்,

லோயிஸ் சுகம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இனி அவளைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன்.

குவார்ல்ஸ் எழுதியதைச் சொல்கிறேன். அவள் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் உன் வரியில் ஒன்பது சொற்கள். இந்தக் குளிர்காலத்தில் அதே அகலத் தாளில் பதினைந்து. ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி முடியும்போது சுருங்குகிறது. போன அக்டோபர் வரை எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி, "நான் சுகம், லோயிஸ் சுகம்." அக்டோபருக்குப் பிறகு லோயிஸ் மட்டும் சுகம். கோழிகள்கூட வந்துவிட்டன, நீ வரவில்லை. முன்பெல்லாம் "வால்வைக் கழற்றினேன், பேக்கிங் போட்டேன்." இப்போது எல்லாம் ஆர்லின்.

அவள் முடிவை அப்படியே எழுதுகிறேன். "இந்த மனிதர் பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர். சொல்ல முடியாததை விட்டுவிடுகிறார். ஆலைக்கு ஆபத்து பனியாலும் இல்லை, விலையாலும் இல்லை. பழத்தை உறைய வைக்கும் நச்சு வாயுவான அம்மோனியாவுக்குப் பொறுப்பான ஒரே ஆளின் வலது கை அவர் சொன்னபடி கேட்கவில்லை. இதற்கான வாய்ப்பு மிக அதிகம்."

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் அண்ணனைப் பற்றி இவள் யார் சொல்ல என்று. அந்தக் கோபத்தில்தான் பி மைனஸ். அவள் அறைக்கு வந்தாள். மதிப்பெண்ணைப் பற்றிச் சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். "புரொபசர், இது நெஜ ஆலையா? நெஜம்னா யார்கிட்டயாவது சொல்லணுமே, பக்கத்துல ஊர் இருக்கும்ல?" என்று கேட்டாள். நான் கற்பனை ஆலை என்று சொல்லிவிட்டேன். கடிதங்களையும் நானே எழுதியதாகச் சொன்னேன். யோசிக்காமல் வந்துவிட்டது வாயில்.  "சரி புரொபசர். நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். உன் மார்ச் கடிதத்தில் பதினாறு.

கெரிட், உன் கைக்கு என்ன?

டீனா


மேப்பிள் ஃபோர்க்
மே 27

அன்புள்ள டீனா,

ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். இது டைப் அடித்தது. லோயிஸின் அக்கா மகள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கொடுத்தாள். ஒரு விரலால் அடிக்கிறேன். இதை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது.

பார்கின்சன். அக்டோபரில் கிராண்ட் ராபிட்ஸில் டாக்டர் சொன்னார். வலது கை. மாத்திரை சாப்பிட்டால் நான்கு மணி நேரம் நன்றாக இருக்கிறது, பிறகு இல்லை. ஆர்லினுக்குத் தெரியும், நான் சொல்லவில்லை, அவளாகத் தெரிந்துகொண்டாள். லோயிஸுக்குத் தெரியும். கனமான வேலை எல்லாம் ஆர்லின் பார்க்கிறாள் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் உண்மை.

மேலாளர் டைகெமாவிடம் சொன்னால் அன்றைக்கே இயந்திர அறைச் சாவியை வாங்கிவிடுவான். அவன் கெட்டவன் இல்லை, அவன் இடத்தில் நான் இருந்தாலும் வாங்குவேன். எனக்கு அந்த அறை தவிர அங்கே வேறு வேலை கிடையாது. முப்பது வருஷத்துக்கு ஒன்பது மாதம் பாக்கி. ஒன்பது மாதம் டீனா, அவ்வளவுதான் கேட்கிறேன். நீ யாரிடமும் சொல்லாதே. ஆலையைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் எழுதியதால் தெரிந்தது. தங்கைக்கு எழுதினேன், வாத்தியாருக்கு எழுதவில்லை.

கோபமாக எழுதுவதாக நினைக்காதே. களைப்பாக இருக்கிறது. காலையில் பித்தான் போடுவதற்கே களைத்துவிடுகிறேன்.

லோயிஸ் சுகம்.

கெரிட்


ஈரி
ஜூன் 5

அன்புள்ள கெரிட்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன், நின்றுகொண்டே அழுதேன். பிறகு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன், வேறு என்ன செய்வது.

சொல்லமாட்டேன். நீ கேட்டாய், நான் சரி என்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் என்ன கத்துகிறேன் தெரியுமா? ஒரே ஆளை நம்பி ஓர் இடம் நிற்கக்கூடாது, தெரிந்த ஆபத்தைத் தெரிந்த அன்றே சொல்ல வேண்டும், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக்கூடாது. மூன்றும் இப்போது என் வீட்டுச் சமையலறையில் கிடக்கின்றன.

ஒன்று மட்டும் செய். ஜூலையில் செர்ரி வந்து குவியும்போது தனியாக நிற்காதே. ஆர்லின் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடு. பித்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்புகிறேன், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். நீலம் உனக்கு, மற்றதும் உனக்குத்தான்.

லோயிஸை அணைத்துக்கொள்.

டீனா


மேப்பிள் ஃபோர்க்
ஜூலை 24

அன்புள்ள டீனா,

உன் முதுகு எப்படி? சட்டைகள் வந்தன. ஆர்லின் என்னைக் குழந்தைப் பள்ளி மாணவன் என்கிறாள்.

செர்ரி இந்த வருஷம் அபாரம். இரவு பகலாக லாரி வருகிறது. பழம் பொறுக்கும் கன்வேயர் பட்டையில் ஷிப்டுக்கு நாற்பது பெண்கள், இரண்டு ஷிப்ட். ஊர் முழுக்க வாசனை. வருகிறவர்கள் எல்லாம் செர்ரியைத் தின்று, மூட்டை மாதிரி வயிற்றோடு திரும்பிப் போகிறார்கள்.

வியாழக்கிழமை எச்சரிக்கை மணி அடித்தது. இரண்டாவது கம்ப்ரசர் பக்கம் குழாய் மூட்டில் கொஞ்சம் அம்மோனியா கசிந்தது. பெண்களைப் புல்வெளிக்கு அனுப்பினார்கள். வால்வை மூடியாயிற்று. யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் பட்டை மறுபடி ஓடியது. செய்தித்தாளில்கூட வரவில்லை.

ஏழு மாதம், ஒரு வாரம்.

லோயிஸ் சுகம்.

கெரிட்


(கலங்கரை விளக்கப் படம் போட்ட அஞ்சலட்டை)

ஈரி
ஜூலை 30

கெரிட்,
நலம்தானே. வால்வை மூடியது யார்?
டீனா


ஈரி
ஆகஸ்ட் 21

அன்புள்ள கெரிட்,

அஞ்சலட்டைக்கு மூன்று வாரமாகப் பதில் இல்லை. முதுகு பரவாயில்லை, நீ கேட்டதால் சொல்கிறேன். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. இந்த வருஷம் எட்டுப் பேர். டீன் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார், அடுத்த வருஷம் கடையை மூடுவார் என்று அர்த்தம்.

நேற்று குவார்ல்ஸ் வந்தாள். கொலம்பஸில் கப்பல் சரக்குக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. விடைபெற வந்தாள். கதவு வரைக்கும் போய் நின்று, "மார்க்கைப் பத்தி கேக்கல புரொபசர். அந்தக் கற்பனை ஆளு, இப்போ நல்லா இருக்காரா?" என்றாள்.

எனக்கு "உக்காரு" என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. அவளே, "எங்கப்பா டயர் கம்பெனில இருந்தார். எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு, ஒருத்தரும் சொல்லல. அதனாலதான் இந்தப் படிப்புக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன தெரிந்திருந்தது, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கெரிட், டைகெமாவுக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. தினமும் கைப்பையில் எடுத்துக்கொண்டு போகிறேன், தினமும் திரும்பக் கொண்டுவருகிறேன். போட்டால் லோயிஸின் ஊசியை நான் பிடுங்கியதாக ஆகும். போடாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் என் தொழிலே, கணக்கிட்டும் பார்த்துவிட்டேன். உனக்குத் தெரியாமல் எதையும் செய்யமாட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். பதில் போடு. திட்டியாவது போடு.

டீனா


மேப்பிள் ஃபோர்க்
செப்டம்பர் 8

அன்புள்ள டீனா,

இது கையால் எழுதுவது. மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துக்கொள். உன் முதுகு பரவாயில்லை என்பதில் நிம்மதி.

ஆர்லின்தான் மூடினாள்.

மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை, சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் ஓடினேன். முகமூடியை மாட்டிக்கொண்டு வால்வுச் சக்கரத்தைப் பிடித்தேன். பிடித்தேன் என்று நினைத்தேன். வலது கை அதன் மேல் சும்மா இருந்தது. திருப்பு என்று சொல்கிறேன், அது இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆர்லின் பின்னாலிருந்து வந்து, "தள்ளு கெரிட், தள்ளுன்னா" என்று இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு மூடினாள். அன்றைக்கு அவளுக்கு ஷிப்ட் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு எடுக்க வந்தவள். வெளியே வந்தேன். புல்வெளியில் நாற்பது பேரும் ஏப்ரனோடு நிற்கிறார்கள். ஒருத்தி இருமிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து கையசைத்தாள், நான்தான் மூடினேன் என்று நினைத்து. நானும் கையசைத்தேன். இடது கையால்.

உன் அட்டையை லோயிஸ்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்தாள். உறை இல்லாததால் படித்துவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் அட்டை கிடந்தது. "நீ இன்னும் வால்வு பக்கம் போறியா?" என்றாள். நான் சூப்பைக் குடித்தேன். மறுநாளும் கேட்டாள். மூன்று வாரம் தினமும் கேட்டாள், வேறு எதுவும் பேசவில்லை. உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றைக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "என் ஊசிக்கா? அந்தப் பொம்பளைங்க மூச்சை என் ஊசிக்கா வெச்சே?" என்றாள். கல்யாணமான முப்பத்தேழு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை டைகெமாவிடம் போய்ச் சொன்னேன்.  அவன் கையை நீட்டினான், சாவியைக் கொடுத்தேன். இருபத்தொன்பது வருஷம், ஆறு மாதம், இரண்டு நாள். மீதி நாளைப் பற்றிக் கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்றால் என்னவென்று நம் இருவருக்கும் தெரியும். லோயிஸ் முன்கூட்டியே டாக்டருக்குப் போன் செய்து விலை குறைந்த மருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள். இருக்கிறதாம், இந்த அளவுக்குக் கேட்காதாம்.

உன் உறையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடு. ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொள். அந்த ஸ்டாம்பில் குவார்ல்ஸுக்கு ஒரு கடிதம் எழுது. ஆலை நிஜம் என்று எழுது. ஆளும் நிஜம், சாவியைக் கொடுத்துவிட்டான், இயந்திர அறையில் இப்போது ஆர்லினும் இன்னொருவரும் இருக்கிறார்கள் என்று எழுது. அவள் அப்பாவைப் பற்றியும் கேள். பி மைனஸை மாற்று. டாக்டருக்கு என் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. கூடப் பிறந்த உனக்குத் தெரியவில்லை என்று நான் குறை சொல்லவில்லை. உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவ்வளவு பாடுபட்டேன்.

இனி நேரம் நிறைய இருக்கும். மெதுவாக எழுதுகிறேன்.

கோழிகள் சுகம். லோயிஸ் என்னோடு பேசுகிறாள். நான் சுகமில்லை, டீனா.

கெரிட்